கார்டு உயிர்பெறும் திங்கட்கிழமை

சட்டத்தை எழுதியவர் எந்த வயிற்றைப் பார்த்து எழுதினாரோ தெரியாது, ஒன்பது மாதம் என்று எழுதி வைத்திருந்தார். வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் இன்சூரன்ஸ் கார்டு உயிர்பெறும். அதன்பிறகு பிள்ளை பிறந்தால் ஆஸ்பத்திரியில் கட்டில், மருந்து, பன்னிரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு. ஒரு நாள் முந்திப் பிறந்தாலும் ஒன்றும் கிடையாது. நான் சேர்ந்த மூன்றாம் வாரம் நாள் தள்ளிப்போனது. ஆக, வயிற்றுக்குள் ஒன்றும் கம்பெனிக் காகிதத்துக்குள் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள் எனக்கு ஒரே நேரத்தில் வளர்ந்தன.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் கப்பலுக்குச் சுக்கு ஏற்றும் கம்பெனி அது. உப்புத் தண்ணீரை முதுகில் வைத்துக்கொண்டு நின்ற நீளமான கிடங்கில் நாற்பது பெண்கள் காலை மடக்கி உட்கார்ந்து முறத்தில் சுக்குப் பொறுக்குவோம். நல்லது கப்பலுக்கு, நொறுங்கியது கடைக்கு, தூசி எங்கள் நெஞ்சுக்கு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு மலையைத் தாண்டிய அந்த ஊர் வெளிநாடுதான். பஸ் போர்டு வாசிக்கத் தெரியாது. வலித்தால் எந்தச் சொல்லைச் சொல்லிக் கத்துவது என்றும் தெரியாது. வீட்டுக்காரர் காலையில் படகேறி எறணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடைக்குப் போவார். அவர் கொண்டுவருவது வாடகைக்கும் அரிசிக்கும் சரி. அந்தப் பன்னிரண்டு வாரம் கிடைக்காவிட்டால் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு நான் உடனே முறத்துக்கு முன்னால் போய் உட்கார வேண்டும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதெல்லாம் எங்களுக்கும் உண்டு. ஏழாம் மாதம் கூட்டிப்போக வருகிறேன் என்று அம்மா தபால் கார்டு போட்டாள். நான் ஊருக்கு வந்தால் பதிவேட்டில் பெயர் அடிபட்டுவிடும், நீ வராதே என்று எழுதினேன். பெத்தவள் வீட்டுக்குப் பேறுகாலத்துக்குப் போகக்கூடாது என்று சொல்லும் வேலை என்னடி வேலை என்று பதில் வந்தது. எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

பிள்ளை பத்து நாள் முந்திக்கொண்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிப்பதற்குள். வயற்றாட்டி என்று அங்கே சொல்லும் மருத்துவச்சி தெருக்கோடியில் இருந்தாள். அவளைக் கூட்டிவந்தது பக்கத்து அறையில் குடியிருந்த ராவுத்தர் வீட்டு அக்கா. அக்காவுக்கு ஏழு மாதத்தில் ஒரு கைக்குழந்தை. என் மகளைத் துடைத்துத் துணியில் சுற்றிய கையோடு அக்கா கேட்டது பிள்ளையின் நிறத்தையோ மூக்கையோ பற்றி அல்ல.

"கார்டு என்னைக்கு?"

"அடுத்த வாரம் விட்டு வர்ற திங்கக்கிழமை."

"அப்ப இது இன்னும் பொறந்திட்டில்ல மோளே, கேட்டியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ராத்திரிச் சோறு வேகிறதற்குள் அக்காவும் வீட்டுக்காரரும் நானுமாக மூன்று பேரும் சேர்ந்து திட்டம் போட்டுவிட்டோம். பிள்ளை அக்காவின் அறையில் இருக்கும். அழுதால் அவள் பிள்ளையின் கணக்கு. பசித்தால் அவள் பால். நான் சனிக்கிழமை ஒரு நாள் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, ஞாயிறு படுத்துவிட்டு, திங்கட்கிழமை வயிற்றில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். ஆறு நாள். பிறகு வரும் திங்கட்கிழமை காலையில் என் மகள் பிறப்பாள்.

நான் போனேன். வீட்டுக்காரரின் இரண்டு பழைய வேட்டிகளை மடித்து, முந்தின வாரம் அவள் இருந்த இடத்தில் கட்டிக்கொண்டு போனேன். நடக்கும்போது ஒரு கையை இடுப்பில் வைக்க வேண்டும் என்பதை மறக்காமல் வைத்தேன். வெள்ளிக்கிழமை வரை யாரும் சொல்லாமல் வைத்த அதே கை. உட்காரும்போது தையல் போடாத கிழிசல் நெருப்பாக எரியும். கீழே இரத்தம், மேலே பால், நடுவில் வேட்டி. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் கருப்பட்டியும் இடித்துக் காலையும் மாலையும் உருண்டை கொடுப்பார்கள். எனக்கு முன்னால் மலைமலையாகச் சுக்கு குவிந்து கிடந்தது. ஒரு துண்டு எடுக்க முடியாது, சாயங்காலம் கேட்டில் மடியைத் தட்டிப் பார்த்துத்தான் விடுவார்கள். கடலுக்கு அந்தப்புறம் யாரோ கேக்கில் போட்டுத் தின்பதற்காக நான் நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேச்சி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். நாலு பெற்றவள். தன் சாக்கை மடித்து என் அடியில் தள்ளிவிட்டாள், அவ்வளவுதான். புதன்கிழமைக்குள் எங்கள் வரிசை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் இரண்டு பேர் முன்னாலும் பின்னாலும் வந்தார்கள்.

தெரியாதது வருகைப் பதிவு எழுதும் கிளார்க்குக்குத்தான். வெள்ளிக்கிழமை வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தவர் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"திங்கக்கிழமை வரைக்கும் அடக்கிப் பிடிச்சோளு, கேட்டோ. இல்லெங்கில் கம்பெனிக்கு உத்தரவாதமில்லை."

அந்த மனிதர் கெட்டவரில்லை. நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னார். ஒரு பெண்ணின் உடம்பு கிடங்குக் கதவு போல, சாவி வந்த பிறகு திறக்கலாம் என்று அவர் உண்மையாகவே நினைத்திருந்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் எனக்கு மன்னிக்கவில்லை. ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. நான் முறத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் பிள்ளையோடு இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விடியற்காலையில் வீட்டிலேயே பிறந்துவிட்டது என்று அக்கா மலையாளத்தில் அழகாகச் சொன்னாள். எல்லாவற்றையும் யோசித்திருந்தோம். மருத்துவச்சியிடம் சொல்லி வைத்திருந்தோம், தெருவுக்குச் சொல்லி வைத்திருந்தோம், நான் எப்படி நடக்க வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்தோம். நர்ஸ் துணியை விரித்தாள். பிள்ளையின் வயிற்றைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"இன்னைக்குப் பிறந்த குட்டிக்குத் தொப்புள்கொடி எவிட?"

சனிக்கிழமையே காய்ந்து உதிர்ந்திருந்தது. அக்காதான் அதை எடுத்துத் துணியில் முடிந்து பத்திரமாக வைத்திருந்தாள். மூன்று பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காகிதத்தை ஏமாற்ற அத்தனை பாடுபட்டோம், பிள்ளை தன் வயிற்றிலேயே தேதி போட்டுக்கொண்டு வந்திருந்தது.

டாக்டரம்மா வந்து என்னையும் பரிசோதித்தாள். பத்து நாள் குழந்தை என்று எழுதினாள். பிறகு பேனாவை நிறுத்திவிட்டு, போன வாரம் எங்கே இருந்தாய் என்று கேட்டாள். வேலையில் என்றேன். அவள் முகம் மாறியது. பெற்றவளை ஆறு வாரத்துக்கு எந்தக் கம்பெனியும் வேலையில் வைக்கக்கூடாது, அதுவும் சட்டம் என்றாள். எந்தக் கம்பெனி என்று கேட்டாள். சொன்னேன். என்னைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருந்ததை, என்னைக் கைவிட்ட சட்டத்தின் மேஜையில் உட்கார்ந்துதான் நான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன்.

டாக்டரம்மா கம்பெனிக்குக் கேட்டு அனுப்பியிருக்க வேண்டும், மறுநாள் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரரோடு போனேன். கிளார்க்கின் மேஜையில் பதிவேடு திறந்திருந்தது. என் பெயருக்கு நேரே ஆறு கையெழுத்துகள், ஆறின் மேலும் சிவப்பு மையில் கோடு. பக்கத்தில் லீவு என்று எழுதியிருந்தார்கள். அதற்கு நேரே நான் ஒரு கையெழுத்து, அங்கே சொல்கிறபடி ஒரு ஒப்பு, போட வேண்டும். போட்டால் கம்பெனி எதையும் மனதில் வைக்காது, அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வரலாம் என்றார் கிளார்க். குரலில் அன்பு இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

எனக்கு அந்த வெள்ளிக்கிழமை பிள்ளை பிறந்தது என்று ஆஸ்பத்திரி எழுதிவிட்டது. அதனால் சம்பளத்தோடு லீவு இல்லை. பிறந்த பிறகு ஆறு நாள் வேலை பார்த்தேன் என்பதைக் கம்பெனி அழித்துவிட்டது. அதனால் குற்றமும் இல்லை. அந்த ஆறு நாள் கொட்டிய இரத்தம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

"நான் வந்தேன் சார். ஆறு நாளும் வந்தேன்."

"அது எனக்கும் தெரியும். இது வெறும் ஒரு ஒப்பு."

"வந்தேன்னு எழுதுங்க. போடுறேன்."

வீட்டுக்காரர் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார். "போட்டுரு. இல்லேன்னா வேலையும் போயிரும் பாத்துக்கோ."

அவர் சொன்னதில் தப்பில்லை. அடுத்த மாத வாடகை அவர் கண்ணில் தெரிந்தது. நான் பேனாவை வாங்கவில்லை. பிள்ளை சிணுங்க ஆரம்பித்திருந்தது, வெளியே வந்தேன். பெரிய கதவுக்கு நேரே, வண்டிகள் வந்து நிற்கும் படிக்கட்டில், பட்டப்பகலில் உட்கார்ந்தேன். முந்தானையைச் சரியாகக்கூடப் போர்த்தவில்லை. பதினொரு நாளில் முதல்முறையாக யாருக்கும் ஒளிக்காமல் அவளை மார்பில் வைத்தேன். உள்ளே முறங்களின் சத்தம் நின்றுபோனது. சேச்சி வாசல்வரை வந்து நின்றாள், அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

வாட்ச்மேன் வந்து, லாரி வரப்போகிறது, எழுந்திரு என்றார்.

குடித்து முடிக்கட்டும் என்றேன்.