காற்று ஏறிய கெக்

1. ஒரே ஒரு பவர் பிளக்

அண்ணாச்சி இறந்த அன்று அந்த வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது பீருக்காக இல்லை. வாடகைக்கு எடுத்து வந்த ஐஸ் பெட்டி குளிரவில்லை என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் தென்காசியில் ஃப்ரிட்ஜ், ஏசி வேலை பார்க்கிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி இதை எழுதுகிறேன்.

அண்ணாச்சியின் வீடு குற்றாலத்தில், ஐந்தருவி போகிற சாலையில் இருக்கிறது. நான் போனபோது நல்ல சாரல். வாசலில் பந்தல் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. ஹாலில் இருந்த பிளக்கில் கரண்ட் போதவில்லை, கம்ப்ரசர் ஏறி ஏறி விழுந்தது. மகன் கனடாவிலிருந்து வந்து சேருகிற வரைக்கும் உடலை வைத்திருக்க வேண்டும்.

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் நல்ல பவர் பிளக் ஒன்றுதான் உண்டு. மாடிப்படிக்குக் கீழே, அண்ணாச்சியின் பீர் ஃப்ரிட்ஜுக்காக நான் தனியாக லைன் இழுத்துப் போட்டது.

அண்ணாச்சியின் மைத்துனர் முருகேசன் என் பக்கத்தில் நின்றார். பந்தல்காரர், பூக்காரர் எல்லாரிடமும் அன்றைக்கு அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“என்னவே யோசிக்கீரு?”

“வேற பிளக் இல்ல. அந்த ஃப்ரிட்ஜு...”

“அதப் புடுங்கிட்டு இதச் சொருகும். ஆளே போயிட்டாக. பீரு கெட்டா என்ன, கெடந்தா என்ன?”

பிடுங்கிச் சொருகினேன். ஐஸ் பெட்டி சீராக ஓட ஆரம்பித்தது. கண்ணாடியில் பனி படர்ந்து அண்ணாச்சியின் முகம் மறைந்தது. ஒரு பெண் துண்டால் துடைத்தாள். மறுபடியும் படர்ந்தது.

அந்த ஃப்ரிட்ஜுக்குள் கெக்கில், அதாவது பீர் டிரம்மில், பாதிக்கு மேல் பீர் இருக்கிறது என்பது என் நினைவுக்கு வந்தது. சாவு வீட்டில் அதை யாரிடம் சொல்வது? கிளம்பி வந்துவிட்டேன்.

2. அண்ணாச்சியின் ஃப்ரிட்ஜ்

அண்ணாச்சி கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டுத் துறைமுகங்களில் குழாயைத் திருப்பிப் பிடித்துக் குடித்த பீர் அவர் நாக்கிலேயே நின்றுவிட்டது. பாட்டிலைத் தொடமாட்டார். பெங்களூரில் உள்ள ஒரு நண்பர் காரில் வரும்போது ஸ்டீல் கெக் ஒன்று கொண்டுவந்து கொடுப்பார். பால் கேனைவிடக் கொஞ்சம் பெரிய, வாய் அடைத்த டிரம் அது. அது எப்படி வருகிறது, பேப்பர் உண்டா என்று நான் கேட்டதில்லை.

நான் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் பாருக்குக் கீழே இருக்கும் கூல் ரூமில் வேலை பார்த்தவன். கெக் மாற்றுவது, பீர் வருகிற டியூப் லைனைக் கழுவுவது, காஸ் பார்ப்பது என் வேலை. அதைக் கேள்விப்பட்டுத்தான் அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றை எடுத்து, தட்டுகளைக் கழற்றி, கதவில் ஓட்டை போட்டு, பீர் பிடிக்கிற குழாயான டேப் வைத்துக் கொடுத்தேன்.

யாராவது உங்களை இந்த வேலைக்குக் கூப்பிட்டால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். கெக் பீர் சமைத்த சாப்பாடு மாதிரி. குளிரிலேயே வந்து, குளிரிலேயே இருந்து, குளிரிலேயே தீர வேண்டும். மூன்று, நான்கு டிகிரியில் வையுங்கள். வெதுவெதுப்பாகிவிட்டால் டேப்பைத் திறந்ததும் நுரைதான் வரும். நுரை வருகிறதே என்று பிரஷரைக் கூட்டக் கூடாது. பத்து, பன்னிரண்டு பிஎஸ்ஐ போதும். லைனை ஒவ்வொரு கெக்குக்கும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பாசி மாதிரி பிடித்துப் புளித்த வெண்ணெய் வாசம் அடிக்கும். கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, இருந்தால் நுரை நிற்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பீரை மேலே தள்ளுவது கார்பன் டை ஆக்சைடு காஸாக இருக்க வேண்டும். அண்ணாச்சியின் சின்ன சிலிண்டரைத் தென்காசியில் சோடா கம்பெனியில் கொடுத்துத்தான் நிரப்புவோம். காஸில் இருந்தால் திறந்த கெக் ஒரு மாதம்கூடத் தாங்கும். காற்று உள்ளே போனால் போயிற்று. முதல் நாள் ஒன்றும் தெரியாது. பிறகு நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். பிறகு புளிக்கும்.

அண்ணாச்சி கப்பல் இன்ஜின் பார்த்த ஆள். சொன்னதை அப்படியே செய்வார். ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து டேப்பைப் பிரித்து பிரஷ் போட்டுத் தேய்ப்பார். அண்ணாச்சியின் மனைவி கோமதி மதினி அடுக்களையிலிருந்தே பேசுவார்கள்.

“இந்தத் தேய்ப்புல பாதி அந்தக் குத்துவிளக்கத் தேய்ச்சா புண்ணியமாது கெடைக்கும்.”

“விளக்குல நுரை வருமாட்டி?” என்பார் அண்ணாச்சி.

“வரும், வரும். உம்ம வாயிலதான் வரும், ஒருநா.”

எனக்குச் சிரிப்பு வரும். தலையைக் குனிந்துகொண்டு ஸ்பானரைத் துடைப்பேன்.

3. மதினி கேட்டது

சுடுகாட்டில் பால் ஊற்றுகிற காடாத்து முடிந்த பிறகு மதினி என்னை வரச் சொன்னார்கள். மகன் கார்த்திக்கும் இருந்தார். முகம் வீங்கியிருந்தது. அப்பாவின் முகத்தைக் கடைசியில் பார்த்துவிட்டார், ஆனால் பேசக் கிடைக்கவில்லை.

“தம்பி, பதினாறாம் நாள் இலை போடணும்லா. அவுகளுக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கணும். அந்தப் பீரு ஒரு கிளாஸ் வேணும். நுரை நிக்கணும். அவுக புடிக்குத மாதிரியே.”

கார்த்திக் இடையில் பேசினார். “அம்மா, வாசுதேவநல்லூர்ப் பெரியப்பா, அத்தை எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னாடி எதுக்கு இது?”

“உங்க தாத்தாவுக்கு இலையில சுருட்டு வைக்கலயா? உங்க பெரியப்பா கைதான வச்சுது. அப்பம் பேசாதவங்க இப்பமும் பேச வேண்டாம்.”

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்கள். “ஒரு கிளாஸ் புடிச்சுக் கொண்டாட்டின்னு அவுக எத்தனையோ தடவ கேட்ருக்காக. நான் ஒருநாளும் என் கையால குடுத்ததில்ல. மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். இப்பம் குடுக்கணும்னு இருக்கு.”



“பாக்குதேன் மதினி” என்றேன். இரண்டு, மூன்று நாள் குளிர் இல்லாமல் இருந்தாலும் காஸ் பிரஷர் இருந்தால் ஓரளவு மீட்டுவிடலாம் என்று அப்போது நம்பினேன்.

4. பம்பு

படிக்குக் கீழே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பிளக் சொருகாமலே கிடந்தது. கெக்கைத் தூக்கினேன். லேசாக இருந்தது. அடியில் கொஞ்சம்தான் ஆடியது. சிலிண்டர் மீட்டர் பூஜ்யத்தில் நின்றது. காஸ் டியூபை ரெகுலேட்டரிலிருந்து கழற்றியிருந்தார்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு கிடந்தது. அதன் வாயில் என்னுடைய கிளிப்பைப் போட்டு அந்த டியூபை இறுக்கியிருந்தார்கள்.

நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முருகேசன் வந்து பின்னால் நின்றார்.

“அத்தான் கூட்டாளிங்க நாலஞ்சு பேரு வந்தாகவே” என்றார். “கப்பல்ல கூட வேல பாத்தவங்க. தூத்துக்குடியிலருந்து வந்து அழுதுகிட்டு நின்னாக. அத்தான் இருந்தா சும்மா அனுப்புவாகளா? நான்தான் ஊத்திக் குடுத்தேன். முதல்ல வெறும் நுரையா வந்துச்சு. அந்தத் திருகாணியக் கூட்டி வச்சேன். காஸு தீந்துட்டு. பொறவு பம்ப வச்சு அடிச்சேன். நல்லாத்தான வந்துச்சு.”

நான் பம்பிலிருந்து டியூபைக் கழற்றினேன்.

“ஏன்வே? அதுவும் காத்துதான, இதுவும் காத்துதான?”

“இல்ல. வேற வேற.”

கொஞ்சம் பிடித்து முகர்ந்து பார்த்தேன். அட்டைப்பெட்டி வாசம் லேசாக ஆரம்பித்திருந்தது. மதினி கேட்டதை அவரிடம் சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா இதக் கேப்பான்னு கனவா கண்டேன்? இந்தச் சாமானக் கண்டாலே அவளுக்கு ஆகாதுல்லா.” பிறகு, “டாஸ்மாக்ல ரெண்டு பாட்டில் வாங்கி இதுக்குள்ள ஊத்திருவமா? அக்காளுக்கு என்ன தெரியும்?” என்றார்.

எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. ஆனால் அந்தக் கிளாஸை யாருக்கு வைக்கப்போகிறோம் என்று நினைத்தபோது மனசு வரவில்லை.

சிலிண்டரைச் சோடா கம்பெனிக்குக் கொண்டுபோனேன். “அந்த வீட்லதான் ஆள் செத்துட்டாகளே, இன்னும் யாரு குடிக்கா?” என்று கேட்டார் கம்பெனிக்காரர். நிரப்பி வாங்கிவந்தேன். கெக்குக்குள் காஸை விட்டு, வால்வைத் தூக்கி வெளியே விட்டு, மறுபடியும் காஸ் விட்டேன். மேலே நிற்கும் காற்றைத் தள்ளிவிடலாம். பீருக்குள் கரைந்த காற்றை எடுக்க வழி கிடையாது. தெரிந்தும் செய்தேன். லைனைக் கழுவினேன், டேப்பைக் கழுவினேன், குளிரைச் சரியாக வைத்தேன். ஒவ்வொரு நாளும் போய் முகர்ந்து பார்த்தேன். நாளுக்கு நாள் மோசமாகத்தான் ஆனது.

5. இலை

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முந்தின நாள் மதினியிடம் சொல்லிவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

“கெட்டுப்போச்சு மதினி. காத்து ஏறிட்டு.”

“யாரு ஏத்துனது?”

 வாழைத்தார் கட்டிக்கொண்டிருந்த முருகேசனின் கை நின்றது. மதினி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“புதுசு கெடைக்குமா?”

“பெங்களூருக்காரருக்கு கார்த்திக் தம்பி போன் போட்டுப் பாத்தாரு. அவரு ஊர்ல இல்லையாம். பாட்டில் வேணா வாங்கலாம்.”

“பாட்டில் வேண்டாம். அவுக தொறந்து, அவுக குடிச்ச மிச்சம் இதுதான். கெட்டாலும் இதையே வைக்குதேன்.”

மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தலைவாழை இலையில் கறிக்குழம்பு, நெத்திலிக் கருவாடு, பிரானூர் பார்டரில் வாங்கிய பரோட்டா எல்லாம் வைத்தார்கள். மதினி கிளாஸை எடுத்துக்கொண்டு படிக்குக் கீழே வந்தார்கள்.

“எப்படிப் புடிக்கணும்?”

“கிளாஸச் சாய்ச்சுப் புடிங்க மதினி. டேப்ப முழுசாத் தொறக்கணும், பாதியில நிறுத்தப்பிடாது. நெறைய வரும்போது நிமுத்துங்க.”

காஸ் இருந்ததால் நுரை நன்றாக வந்தது. நிறமும் கெடவில்லை. பார்ப்பதற்கு அண்ணாச்சி பிடிக்கிற கிளாஸ் மாதிரியே இருந்தது. இலை அருகில் கொண்டுபோய் வைத்தார்கள். வாசுதேவநல்லூர்ப் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டுச் சூடத்தட்டை எடுத்தார். சூடம் காட்டி எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள்.

பிறகு இலையில் உள்ளதைப் பகிர்ந்து சாப்பிட வேண்டும். கிளாஸை யாரும் தொடவில்லை. கார்த்திக் கையை நீட்டினார். மதினி தடுத்தார்கள்.

“நீ வேண்டாம். முருகேசா, நீ வா.”

“அக்கா, அது நாந்தான்...”

“தெரியும்லே. குடி.”

அவர் இரண்டு கையாலும் வாங்கி நிற்காமல் குடித்தார். முகம் கோணியது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டு, “நல்லாருக்குக்கா” என்றார்.

மதினி கிளாஸை வாங்கினார்கள். அடியில் கொஞ்சம் இருந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. அதை வாயில் விட்டுக்கொண்டார்கள்.  கஷ்டப்பட்டு விழுங்கினார்கள்.

“இதையா அவுக அவ்வளவு ஆசையாக் குடிச்சாக?”

“இது இல்ல மதினி” என்றேன். அத்தனை பேர் நடுவில் நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். “இது கெட்டது. அது வேற மாதிரி இருக்கும்.”

“எப்படி இருக்கும்?”

 எத்தனையோ கெக் மாற்றியிருக்கிறேன், மூக்கை வைத்தே நல்லது கெட்டது சொல்வேன். ஆனால் நான் குடித்ததில்லை. முருகேசனைப் பார்த்தேன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். மதினி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிளாஸைக் கழுவ உள்ளே போனார்கள்.

கொஞ்ச நாளில் கார்த்திக் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கனடா போனார். வீடு பூட்டிக் கிடக்கிறது. ஃப்ரிட்ஜை நான்தான் காலி செய்து கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். மூடி வைத்தால் இந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். எந்தச் சாமானை மாட்டினாலும், வாங்கியவருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வராதீர்கள். அடுக்களையில் இருப்பவர்களையும், வந்து போகிற மச்சினனையும் கூப்பிட்டு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று காட்டுங்கள். அந்த வீட்டில் நான் அண்ணாச்சி ஒருவரிடம் மட்டும்தான் பேசினேன். மற்றவர்களிடம் பேசக் கூச்சம். முதல் கெக் மாட்டிய அன்று, ஒரு வாய் குடித்துப் பாருங்கள் மதினி என்று சொல்லியிருந்தால் அவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள். திட்டிவிட்டு, ஒருவேளை குடித்தும் பார்த்திருப்பார்கள்.