சுந்தரத்தின் இடக்கால்

சிலம்பம் பயிற்றுவோர் எவரும் என் பிழையை மீண்டும் செய்யலாகாது என்பதற்காகவே இதனை எழுதி வைக்கிறேன்.

கொக்கட்டிச்சோலையில் எங்கள் சிலம்பக் குழுவில், அதனைப் பயிற்றுவித்த நானும், வாவியில் மீன்பிடிக்கும் சுந்தரமும் நெடுங்காலம் இணையாக ஆடிவந்தோம். கையும் காலும் ஒத்தியங்குவதற்கென நான் ஒரு பயிற்சி வகுத்தேன். மணலிற் கட்டங்கள் கீறி, வலக்கை கம்பைச் சுழற்றுகையில் இடக்காலைக் கட்டத்தினுள் வைக்கவேண்டும். தொடக்கத்தில் சுந்தரமே அதனை எல்லாரினும் திறம்படச் செய்தான். பின்னர் அவனது இடக்கால் கோட்டை மிதிக்கலாயிற்று.

"மச்சான், கால் என்ர சொல்லுக் கேக்குதில்ல," என்று சிரித்தான்.

"தோணியில குந்திக் குந்தி நடக்க மறந்திற்றாய் போல!" என்றேன். அனைவரும் நகைத்தனர்.

அன்றிலிருந்து அவனை மட்டும் நிறுத்தி, திரும்பத் திரும்பச் செய்வித்தேன். கால் இன்னும் பின்தங்கியது. சோம்பல் என்றே எண்ணி, திருவிழா ஆட்டத்திலிருந்து அவனை நீக்கினேன்.

"ஓம் மச்சான், மறுகா வாறன்," என்று, பிறகு வருபவன் போலவே கம்பை என்னிடம் தந்துவிட்டுப் போனான்.

சில நாட்களில் வீட்டு முற்றத்தில் விழுந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம்; மூளையில் கட்டி என்றனர். "கால் இழுபடத் தொடங்கி எவ்வளவு காலம்?" என மருத்துவர் வினவினார். அவன் மனைவிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

"இரண்டு மாதம்," என்றேன்.

அவர் அதனைக் குறித்துக்கொண்டார். சுந்தரம் அம்மாதமே இறந்தான்.

இப்போது எவருடைய கால் தடுமாறினும், முதலில் உடல்நலத்தையே கேட்கிறேன். நான் மருத்துவம் கற்றவனல்லேன். இங்கு கூறியவற்றிற் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்தியருள்க.