தாய்மொழி தெலுங்கு என்று எழுதியதற்கு

பெரியவளைக் கல்லூரியில் சேர்த்த வாரத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. அதுதான் முடிந்துவிட்டதே, இன்னும் ஆறவில்லையா என்று கேட்கிறார்கள். ஆறவில்லை.

நான் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். வீட்டில் தெலுங்கு பேசுவோம். பேசுவோம், அவ்வளவுதான். எனக்கோ என் மகளுக்கோ தெலுங்கில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. எத்தனை தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறோம் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. மகள் பன்னிரண்டு வருடமும் படித்தது தமிழ் வழியில். ப்ளஸ் டூவில் தமிழுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினாள்.

பிரவுசிங் சென்டரில் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது, “தாய்மொழி என்னங்க்கா?” என்று கேட்டார்கள். “தெலுங்குங்க” என்றேன். கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். நான் செய்த குற்றம் அதுதான்.

பீளமேட்டில் ஒரு கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்தது. வகுப்பு தொடங்க நாலு நாள் இருக்கும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். முதல் மொழி இந்தி. கூடவே, தமிழ் தெரியாதவர்களுக்கான அடிப்படைத் தமிழ். தெலுங்கு வகுப்பு அங்கே கிடையாதாம்; தாய்மொழி தமிழ் இல்லை என்றால் கம்ப்யூட்டரே அப்படிப் பிரித்துப் போட்டுவிடுமாம். இந்தியில் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நாலு செமஸ்டர் அதை எழுதித் தேற வேண்டும். தேறாவிட்டால் டிகிரி கைக்கு வராது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மகளோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன்.

“ஏனுங்க, இது தப்பா வந்திருக்குதுங்க. இந்தப் புள்ள தமிழ்தான் படிச்சுது. மார்க் சீட்டைப் பாருங்க.”

கவுண்டரில் இருந்த கிளார்க் மார்க் சீட்டைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“தாய்மொழி தெலுங்குன்னு நீங்கதான போட்டிருக்கறீங்க?”

“ஆமாங்க. ஊட்டுல பேசறது அதுதானுங்க.”

“அப்பறம் என்னங்க? சிஸ்டம் கரெக்டாத்தான் போட்டிருக்குது.” பிறகு சிரித்தார். “இந்த ஊருல உங்க தெலுங்கு ஆளுங்க எல்லாம் மில்லு ஓனருங்களாச்சே. ஒரு டியூஷன் வெச்சு உடுங்க, இந்தி தானா வந்துட்டுப் போகுது.”

செம்புக் கம்பி கீறிய விரல்களைத்தான் கவுண்டர்மேல் வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார், மில் ஓனர் என்று.

“மில்லு கேட்டுல டிபன் பாக்ஸோட நின்னிருக்கறனுங்க. அந்த ஓனருங்களா?” என்றேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“பதினோரு மணிக்குத் தமிழ்ல ஒரு டெஸ்ட் இருக்குது. அதை எழுதச் சொல்லுங்க. அதுலயே தெரிஞ்சு போயிரும்” என்றார். நான் நம்பினேன்.

அந்தக் கேள்வித்தாளை அப்புறம் பார்த்தேன். பசு படம், குடை படம் போட்டு, பக்கத்தில் பெயர் எழுதச் சொல்லியிருந்தது. உன் அம்மாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தது. அந்த அறையில் இருந்த மற்றவர்கள் பாலக்காட்டுப் பிள்ளைகள், சூலூர் விமானப்படைக் குடியிருப்பிலிருந்து வந்த வடக்கத்திப் பிள்ளைகள். அவர்களுக்கு அது வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் மகள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பெண் இவள் தாளைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக எனக்கே தெரிந்தது.

இரண்டு பேருக்கும் முழு மார்க். தாள் திருத்திய மேடம் என் மகளிடமும் கேட்டார், “உண்மையச் சொல்லு, யாரைப் பார்த்து எழுதினே?” தொண்ணூற்றாறு வாங்கிய பிள்ளை, பசு என்று எழுத யாரைப் பார்க்க வேண்டும்?

“சரி விடு. ரெண்டு பேரையும் நேரா அடிப்படைத் தமிழ் இரண்டாம் நிலையில போட்டுட்டேன். சந்தோஷந்தானே?” என்றார் மேடம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த டெஸ்டில் எத்தனை மார்க் வாங்கினாலும் அந்த வகுப்பைவிட்டு வெளியே வர முடியாது. அதற்குள்ளேயே எந்த பெஞ்சு என்று பார்ப்பதற்குத்தான் டெஸ்ட். மறுபடியும் கவுண்டருக்குப் போனேன்.

“ஒரே வழிதானுங்க அம்மணி,” என்றார் கிளார்க். “தாய்மொழி தமிழ்தான், தவறுதலாப் போட்டுட்டோம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அரை நிமிஷத்துல மாத்திப்போடலாம்.”

“பொய் எழுதித் தரோணுங்களா?”

“பொய்யின்னு யாருங்க சொன்னா? லெட்டருன்னுதான சொன்னேன்.”

ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். எங்கள் தாய்மொழி தெலுங்கு. என் மகள் படித்த மொழி தமிழ். அவளைத் தமிழ் வகுப்பில் சேர்க்க வேண்டும். இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது. பத்தாவதுதான் படித்திருக்கிறேன்.

வாசித்துவிட்டு என் பக்கமே தள்ளினார். “இது செல்லாதுங்க.”

எனக்குக் குரல் ஏறிவிட்டது. “நான் எழுதினது தமிழ்தானுங்க? படிக்க முடியுதுங்களா, இல்லீங்களா?”

“படிச்சுட்டுத்தானுங்க செல்லாதுன்னு சொல்றேன்.”

அறையே திரும்பிப் பார்த்தது. மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். தெலுங்கில், மெதுவாக, எனக்கு இந்தி வராதும்மா, கையெழுத்துப் போட்டுவிடு என்றாள். என்னிடமிருந்து பேனாவை வாங்கி அந்த லெட்டரை அவளே எழுதினாள். அழகான கையெழுத்து. எங்கள் தாய்மொழி தமிழ், விண்ணப்பத்தில் தவறுதலாகக் குறிப்பிட்டுவிட்டோம், பொறுத்தருள வேண்டும். பொறுத்தருள வேண்டுமாம்! நான் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்வது? அவளுடைய மூன்று வருடம் அந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அவர் சொன்னபடி அரை நிமிடம்தான் ஆனது. முதல் மொழி தமிழ் என்று புதுத்தாள் வந்தது. “இதை மொதல்லயே செஞ்சிருந்தா இத்தன சத்தம் எதுக்குங்க அம்மணி?” என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். எனக்கு ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது.

பட்டறையில் சொன்னால், “வேல ஆச்சல்ல, உடுங்க்கா” என்கிறார்கள். வேலை ஆகிவிட்டது, மகள் தமிழ் வகுப்பில்தான் இருக்கிறாள். ஆனால் என் தாய்மொழி எது என்று நான் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்ட தாள் அவர்கள் ஃபைலில் இருக்கிறது. அதை என்னிடம் கேட்டு வாங்க அவர்களுக்கு எந்த யோக்கியதையும் இல்லை.