சுடுகிற சோடாவும் சில்லிடுகிற உரமும்

கெமிக்கல் கடையில் சரக்கு விற்பது சுலபம். வாங்கிப்போனவர் அதைத் தண்ணீரில் போட்ட பிறகுதான் நம் பாடு ஆரம்பம். கடையில் நின்று வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மதுரை காளவாசல் பக்கம் எங்கள் கடை. சோப்புக்கான சரக்கும் சொட்டுநீர்ப் பாசன உரமும் விற்போம். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார், சரக்கு திரும்பி வந்தால் என்னையும் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

அடுப்பில்லாத சூடு

வில்லாபுரத்து அக்கா ஒருவர் துணி சோப்பு செய்ய காஸ்டிக் சோடா வாங்கிப்போனார். கை படக்கூடாது, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாள் மீதிப் பாக்கெட்டோடு வந்துவிட்டார். வாளி சுட்டதாம், ஆவி வந்ததாம், என்னத்தைக் கலந்தீர்கள் என்று ஒரே சண்டை.

எனக்கோ குஷி தாங்கவில்லை. கல்லூரியில் காகிதத்தில் படித்தது ஒருவர் வீட்டு வாளியில் நிஜமாகியிருக்கிறதே! அயனிகள் படிகமாகச் சேரும்போது வெப்பத்தை வெளியே விட்டு இறுக்கமாகக் கட்டிக்கொள்கின்றன, பிரிக்க அந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிரிந்ததைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும்போது மறுபடி வெப்பம் வரும், இதில் வருவது அதிகம், அதனால் சூடு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அக்கா பாக்கெட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"அடுப்பில்லாமச் சுடும்னு நேத்தே சொல்லியிருந்தா, பயப்படாம ரெண்டு கிலோவா வாங்கியிருப்பேன்ல."

சூடில்லாத உரம்

அடுத்து, திருமங்கலம் பக்கம் மல்லிப்பூத் தோட்டம் போட்டிருக்கும் அண்ணன் ஒருவர் பொட்டாசியம் நைட்ரேட் மூட்டையைப் பைக்கில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். உரம் என்றாலே சூடு, அதிகம் போட்டால் செடி வெந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இவர் கரைத்த டிரம்மோ ஐஸாகிவிட்டது. அப்படியானால் போலிதானே! முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

மூன்று டம்ளரில் தண்ணீர் வைத்து ஒன்றில் காஸ்டிக் சோடா, ஒன்றில் சாப்பாட்டு உப்பு, ஒன்றில் அவர் உரம் என்று கரைத்தேன். முதலாவது சுட்டது. உப்பு சும்மா இருந்தது. உரம் போட்ட டம்ளரின் வெளிப்புறம் குப்பென்று வியர்த்தது! இதில் அயனிகளைப் பிரிக்கத் தேவையான வெப்பம் போதாமல் உரம் அதைத் தண்ணீரிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது, நல்ல உரம் இப்படித்தான் சில்லிடும் என்றேன். அண்ணன் டம்ளரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு மூட்டையைப் பைக்கில் ஏற்றினார்.

"தண்ணி குளுந்துருச்சு, சரி. என் மல்லி பூக்கட்டும் தாயி, பெறகு நம்புறேன்."

மறுபடியும் பை

அதன்பிறகு வாசலில் பைக் நின்றாலே எனக்குத் திக்கென்றிருக்கும். ஒருநாள் காலையில் அந்த மல்லி அண்ணனே பெரிய பையோடு இறங்கினார். முதலாளி எழுந்தே விட்டார். என் வேலை போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். அவர் பையைப் பிரித்ததும் கடை முழுக்க மல்லி வாசம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் எனக்கென்று ஒரு குத்து அள்ளி வைத்தார். இன்னொரு மூட்டை வேண்டுமாம். எடுத்து வைத்தேன். அவர் அதில் கை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"இது குளுரவே இல்லையே, சில்லுனு இருக்குற மூட்டையாப் பாத்துக் குடு தாயி."

உரம் கரையும்போது எடுக்கும் வெப்பத்தை அளந்துவிடலாம், அதை மதுரையில் விற்கும்போது என் தலைக்கு ஏறும் வெப்பத்தை அளக்கத்தான் இன்னும் கருவி வரவில்லை.