கல்லுக்கு எண் போடுகிறவள்

பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தபோது, அவள் ஒரு கல்லின் முன்னால் குந்தியிருந்து தூரிகையின் முனையை விரலால் கூராக்கிக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் சரிவில் நின்றபடியே கத்தினார். மணல் லாரி வளைவில் கவிழ்ந்துவிட்டது. ஓட்டுநர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார். யாரென்று தெரியவில்லை.

அந்த லாரியை இருவர் முறைவைத்து ஓட்டுகிறார்கள். ஒருவர் அவளுடைய கணவர். மற்றவர், அவளோடு வேலை பார்ப்பவளும் பக்கத்தில் வரைபடத்தை விரித்துப் பிடித்திருந்தவளுமான சின்னவளின் கணவர்.

அவர்கள் வேலை செய்யும் இடம், யாரோ எப்போதோ எழுப்பிய வழிபாட்டுக்கூடம். சாய்ந்த சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறார்கள். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைச் சாயத்தில் எண் போட வேண்டும். சின்னவள் படம் பார்த்துச் சொல்வாள், இவள் எழுதுவாள். ஒருமுறை இரண்டு கற்களுக்கு ஒரே எண் விழுந்து, கட்டிய வாசலையே இறக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இவள் எதையும் இரண்டு தடவை கேட்கிறாள். வேலையாட்கள் இவளுக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'.

"கல்யாணத்தன்னிக்கும் மாப்பிள்ளை இவர்தானான்னு ரெண்டு தடவை கேட்டிருப்பேக்கா," என்பாள் சின்னவள்.

"கேட்டேன்டி. ரெண்டு தடவையும் இவரையேதான் காட்டினாங்க. என்ன பண்றது?"

என் தம்பி இறந்துபோன பிறகு நான் இப்படிப் பாழிடங்களாகப் பார்த்துத் திரிகிறேன். இங்கே வந்ததிலிருந்து, கற்களைவிட இவர்கள் பேச்சுக்காகத்தான் இந்தச் சுவரடியில் உட்கார்ந்திருந்தேன்.

இருவரும் தங்கள் கணவர்களை மாறி மாறி அழைத்துப் பார்த்தார்கள். இரண்டு கைபேசிகளும் எடுக்கப்படவில்லை.

"காலையில ரெண்டு பேரும் ஒண்ணாத்தானேக்கா கிளம்பினாங்க? வண்டியை யாரு எடுத்தாங்க?"

"தெரியலடி."

மூத்தவள் எழுந்து கூடத்தின் உள்ளறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். உள்ளே சிலை கிடையாது, வெறும் பீடம்தான். எந்தச் சாமிக்குக் கட்டியது என்று வாசல் பலகைகூட உறுதியாகச் சொல்லவில்லை. கைகூப்பியவள், சட்டென்று கையை இறக்கிக்கொண்டாள்.

"இங்க கும்பிட்டா யாருக்குங்க போய்ச் சேரும்?"

"தெரியலைம்மா."

"சேர்ந்தாலும் என்னத்தைக் கேக்கறது? என் ஆளைக் காப்பாத்துன்னு கேட்டா, அவ ஆளை எடுத்துக்கோன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

மருத்துவமனைத் தாழ்வாரத்தில், தம்பிக்காக, நான் வேறு எவரைப் பற்றியும் யோசிக்காமல் கேட்டிருக்கிறேன். அவள் எதையும் கேட்காமலே வெளியே வந்தாள். தூரிகையை எடுத்தாள்.

"சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சிடும். அடுத்த நம்பரைச் சொல்லுடி."

"நாலு… நாலு ஒண்ணு ஏழு."

"நாலு ஒண்ணு ஏழா?"

"ஆமாக்கா."

எழுத ஆரம்பித்தபோது அவள் கைபேசி அடித்தது. தெரியாத எண். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "நான்தான்மா. இது வேற ஆளோட போன். நான் வண்டியில இல்ல. அவன்தான்…"

முழுக்கக் கேட்காமல் கைபேசியை அணைத்தாள். சின்னவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் எதுவும் இளகவில்லை, இளக விடவில்லை.

"யாருக்கா?"

"வாடி, போலாம்."

சின்னவளின் கையிலிருந்த வரைபடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு சாலையை நோக்கிச் சரிவில் இறங்கினாள். மேற்பார்வையாளரின் வண்டியில் ஏறும்போதும் அந்தப் பிடியை விடவில்லை.

கல்லில் நான்கு மட்டும் இருக்கிறது. ஒன்றும் ஏழும் இன்னும் எழுதப்படவில்லை.