கோட்டின் எந்தப் பக்கம் நிற்பது?

வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குச் சென்னை சென்ட்ரலில் இறங்கினேன். எதிர் இருக்கைக்காரரின் குறட்டை ஈரோட்டிலிருந்தே கூட வந்ததால் கண் எரிந்தது. காத்திருப்பு அறையில் குளித்துப் புடவை மாற்றி, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனுக்குப் போனேன். சைதாப்பேட்டைக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். எங்கள் தாராபுரத்தில் ஐந்து ரூபாயை நீட்டினால் டீக்கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். இங்கே ஐந்து ஸ்டேஷன் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. என் ஐந்தாம் வகுப்பில் நந்தினி என்று ஒரு பெண். தண்ணீர் பட்ட பாடாக வாசிப்பாள். சென்ற மாதம் பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தபோது பெருமையாக அவளைத்தான் எழுப்பி விட்டேன். பாடத்தில் ஒரு கதை: அப்பாவை இழந்த சிறுமி ஒருத்தி, அவருடைய சட்டையைத் தன் அளவுக்கு வெட்டித் தரச் சொல்லித் தையல்காரரிடம் கொடுக்கிறாள், அவர் வெட்டாமலே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். நந்தினி பிசிறில்லாமல் வாசித்து முடித்தாள். “ஏன் திருப்பிக் கொடுத்தார்?” என்று அதிகாரி கேட்டார். ‘துணி பழையதாக இருந்ததால்’ என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பதிலையாவது அவள் ஒப்பித்திருக்கலாம். வாயே திறக்கவில்லை. “வாசிக்கிறா, ஆனா மண்டையில ஏறல” என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர். அன்றிலிருந்து அவள் சத்தமாக வாசிப்பதே இல்லை. ஏப்ரலோடு எங்கள் பள்ளியை விட்டுப் போகிறாள். தான் மக்கு என்று நம்பிக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவாளோ என்ற பயம் என்னைத் தின்றது.

அப்போதுதான் கலைச்செல்வி நினைவுக்கு வந்தார். திருச்சியில் ஒரு பயிற்சியில் பக்கத்து நாற்காலிக்காரர். சைதாப்பேட்டையில் நாலாம் வகுப்பு எடுக்கிறார். போன் செய்ததும், “வந்து ஒரு நாள் பாருங்க டீச்சர்” என்றார். ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

எட்டரை மணி. சைதாப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் மீன் கூடைக்கும் பூக்கூடைக்கும் நடுவே நெளிந்து வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். ஒன்றரை கிலோமீட்டருக்கு எண்பது கேட்டார், அறுபதுக்கு இறங்கினார்.

“இஸ்கூலுக்கா? எம் பொண்ணு அங்கதாம்மா நாலாவது படிக்குது” என்றார் ஓட்டுநர். “வூட்டாண்ட ஒரு பேச்சு பேச முடியல. ‘ஆட்டோ ஓனர் நல்லவரு’ன்னு சொன்னேன். ‘எத்த வெச்சு சொல்ற நைனா’ன்னு கேக்குது. நா இன்னாத்த சொல்றது?”

அவர் சலித்துக்கொண்ட மாதிரித்தான் பேசினார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

பத்து மணிக்கு வகுப்பு. இருபத்தாறு பிள்ளைகள், பாதிப் பேர் ஆற்றோரக் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். கலைச்செல்வி ஒரு கதையை நிதானமாக வாசித்தார். பூ விற்கும் சிறுமியின் தள்ளுவண்டியில் ஒருவர் குடையை மறந்து வைத்துவிட்டுப் போகிறார். மழை வருகிறது. சிறுமி அந்தக் குடையைப் பூவுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைகிறாள். திரும்பி வந்தவர் கடைக் கூரையின் கீழ் நின்று இதைப் பார்க்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, குடையைக் கேட்காமலே போய்விடுகிறார். அவ்வளவுதான் கதை.

கலைச்செல்வி சாக்பீஸால் தரையில் நீளமாக ஒரு கோடு போட்டார். “அவரு அழுதாருன்னு நினைக்கிறவங்க இந்தப் பக்கம். அழலன்னா அந்தப் பக்கம். மனசு மாறினா கோட்டத் தாண்டலாம். ஆனா எந்த வரின்னு காட்டணும்.”

பெரும்பாலானவர்கள் ‘அழவில்லை’ பக்கம் போய் நின்றார்கள். “மழ பேஞ்சிகினு கீது மிஸ். கண்ணாடில தண்ணி பட்டுச்சு, தொடச்சாரு. இதுக்குப் போயி எவனாச்சும் அழுவானா?” என்று ஒருவன் வழக்கறிஞர் தோரணையில் கேட்டான். நியாயமாகத்தான் பட்டது எனக்கும். மனதுக்குள் நானும் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டேன்.

எதிர்ப்பக்கம் ஏழு பேர்தான். அதில் ஒல்லியாக ஒரு பெண், பெயர் சங்கீதா, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக அந்த வழக்கறிஞரிடம் போய் ஒரு வரியில் விரலை வைத்தாள். ‘கடைக் கூரையின் கீழ் நின்று.’

அவன் இரண்டு முறை படித்தான். “அய்ய, ஆமா. கூரைக்குக் கீழதான நிக்கிறாரு! கண்ணாடி எப்டி நனையும்?” என்று கோட்டைத் தாண்டினான். பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு பேர் தாண்டினார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றியது. ‘அழுதார்’ என்று கதையில் எங்கேயும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகள் இரண்டு வரிகளைச் சேர்த்து வைத்து அந்த மனிதரின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்கள்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். “நீங்களும் ஏதாவது கேளுங்க டீச்சர்” என்றார் கலைச்செல்வி. பதினாறு வருடப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது. “இந்தக் கதை கூறும் நீதி என்ன?” என்று கேட்டேன்.

இருபத்தாறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார்கள். “பிறர் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது!” என்று ஒரே குரலில் முழங்கினார்கள். வழக்கறிஞனும்தான். கூரையைக் கண்டுபிடித்த சங்கீதாவும்தான்! கதையில் யாரும் யார் பொருளுக்கும் ஆசைப்படவே இல்லை. கலைச்செல்வி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். எனக்கு மானம் போயிற்று.

மாலை ஐந்தரைக்கு பெசன்ட் நகருக்குப் பஸ் ஏறினோம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடற்கரையில் கூட்டமான கூட்டம். மணலில் உட்கார்ந்து நந்தினி கதையைச் சொன்னேன்.

“வாயே திறக்காத பிள்ளைய என்னங்க பண்றது?”

“கோட்டுல நிக்கிறதுக்கு வாய் வேணாமே டீச்சர்” என்றார் கலைச்செல்வி. பிறகு கொஞ்சம் தயங்கி, “அந்தத் தையல்காரர் ஏன் திருப்பிக் கொடுத்தாரு? நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டார்.

“துணி பழசு...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். எந்த வரியில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காமலே என் காதில் கேட்டது.

திரும்பும் ரயிலில் பையிலிருந்த பாடப் புத்தகத்தை எடுத்து அந்தக் கதையை மூன்று முறை படித்தேன். சட்டை பழையது என்று ஒரு வரிகூட இல்லை. உரைநூலில் இருந்த பதிலை வருடா வருடம் அப்படியே எழுதிப் போட்டிருக்கிறேன். சென்னையில் என்ன பெரிதாக இருக்கிறது, கட்டடமா, கம்ப்யூட்டரா என்று ஊரில் கேட்பார்கள். எங்கள் பள்ளிக் கட்டடம் கலைச்செல்வியின் பள்ளியைவிட நன்றாகவே இருக்கிறது. அங்கே ஆசிரியை பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாடு முடிந்ததும் நந்தினி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அந்தத் தையல்காரர் ஏன் சட்டையத் திருப்பிக் குடுத்தாரு? நெசமாலுமே எனக்குத் தெரியல கண்ணு. உனக்கு ஏதாச்சும் தோணுதா?”

பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு புத்தகத்தைத் திறந்து ஒரு வரியில் விரல் வைத்தாள். ‘கொடுப்பதற்கு முன் அந்தச் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.’

“வெட்டித் தெச்சா அது அவ சட்டையாயிருமுங்க டீச்சர்” என்றாள். “அப்பா சட்டை இருக்காதுங்க.”

“இத அன்னைக்கே அந்த சார்கிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு?”

“போர்டுல நீங்க வேற பதில் எழுதியிருந்தீங்களே டீச்சர்” என்றாள்.