முன்வரிசையின் ஏழாம் நாற்காலி

மலேசியாவின் ஈப்போவில் நடக்கும் அரசு விழாக்களில் பதவி வரிசைப்படி பிரமுகர்களை உட்கார வைப்பது சிவாஜினியின் வேலை. இருபது வருடமாக ஒரு நாற்காலியும் தவறியதில்லை. யாராவது இறந்தால், பெயர் அட்டையை எடுத்துவிட்டு மற்றவர்களை ஓரிடம் முன்னே நகர்த்துவார்.

போன மாதம் ஏழாம் நாற்காலிக்காரர் இறந்தார். அந்த இடத்துக்கு ஒன்பது வருடம் காத்திருந்த, ‘டத்தோ’ பட்டம் பெற்ற தர்மா இன்று உட்கார்ந்தார், உடனே எழுந்தார்.

“இங்க யாரு இருந்தா? சீட்டு சூடா இருக்கு லா.”

“இப்பதான் ஹாலைத் திறந்தோம், டத்தோ. நீங்கதான் முதல் ஆள்.”

சிவாஜினி தொட்டுப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது. பட்டியலில் இறந்தவருக்கு இடமில்லை. உட்கார்ந்துவிட்ட அவரை எழுப்பவும் விதியில்லை. ஏழாம் நாற்காலியைக் காலியாக விட்டு, வந்தவர்களை எல்லாம் பழைய இடத்துக்கே அனுப்பினார். தர்மா எட்டாம் நாற்காலிக்குப் போனார்.

அடுத்த விழாவுக்கு இறந்தவரின் பெயர் அட்டையை சிவாஜினியே திரும்ப வைத்தார். வரிசை தவறக்கூடாது அல்லவா.